கன்னியம்மா அக்கா சொன்ன சாட்சி

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். அல்சூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே, "கோவிந்தண்ணா, கன்னியம்மா போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

பஞ்சாலையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மெஷின் ஓட்டினேன். அவர் அதே பிரிவில் கழிவுப் பஞ்சு கூட்டினார். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் என் வலது கை பல்சக்கரத்தில் சிக்கியது. மணிக்கட்டோடு போயிற்று.

சக்கரத்தை மூடும் இரும்பு மூடியை, துடைக்க நேரமாகிறது என்று மேஸ்திரி எப்போதோ கழற்றிப் போட்டிருந்தார். நிர்வாகமோ நானே கழற்றினேன் என்றது. நஷ்டஈடு கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வாட்ச்மேன் வேலை தருவதாக ஆஸ்பத்திரிக்கே ஆள் அனுப்பினார்கள். என் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. கைநாட்டு வைக்க இடது கையை நீட்டிவிட்டேன். அப்போது பார்க்க வந்த அக்கா கட்டிலருகே நின்று, "ஒரு கைய எடுத்துக்கிட்டாங்க. இதையும் நீயே குடுக்கிறியா?" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

சாட்சி சொல்ல ஆள் தேடி அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லோருக்கும் பயம். கடைசியில் நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் கமிஷனர் முன்னால் அவரே போய் நின்றார்.

"பொய் சாட்சி சொன்னா வேலை போயிடும், தெரியுமா?" என்றார் மில் வக்கீல்.

"நிஜத்தைச் சொன்னாலும் போயிடும்னு மேஸ்திரி சொல்லி அனுப்பிச்சாரு சாமி. அப்ப நிஜத்தையே சொல்லிட்டுப் போறேன். அந்த மூடி ரொம்ப நாளா கொட்டாய்ப் பக்கம் கெடக்குது. பொம்பளைங்க நாங்க அது மேல உக்காந்துதான் சாப்பிடறோம்."

கமிஷனர் நிமிர்ந்து கன்னடத்தில் கேட்டார்: "நிஜானா அம்மா?"

"ஹௌது சாமி, நிஜம். சாப்பாட்டுச் சங்கு ஊதற நேரந்தான். இப்பப் போனா ஆளுங்களோட பாக்கலாம்."

கமிஷனர் உடனே எழுந்துவிட்டார். ஒரே காரில் அவர், வக்கீல், அக்கா, நான். மில்லுக்குத் தகவல் சொல்ல யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. கொட்டகை ஓரத்தில் நாலு பெண்கள் மூடியின் மேல் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் எழுந்தார்கள். துருப்பிடித்த இரும்பு வெயிலில் கிடந்தது. எவ்வளவு நாளாக இங்கே கிடக்கிறது என்று கமிஷனர் கேட்டார். அக்கா அவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருத்தி, அதுவரை பயந்திருந்த லட்சுமி, எச்சில் கையோடு முன்னால் வந்து, "போன மழைக்கு முன்னாடியே கழட்டிப் போட்டாங்க. மேஸ்திரிதான் கழட்டினாரு, நான் பாத்தேன்" என்றாள். மற்ற மூவரும், "நாங்களும் பாத்தோம்" என்றார்கள்.

முழு நஷ்டஈடும் கிடைத்தது. இந்தக் கடை அதில் வந்ததுதான். எல்லா மெஷினுக்கும் மூடி மாட்டினார்கள். அக்காவின் வேலையில் கை வைக்க நிர்வாகத்துக்குத் துணிச்சல் வரவில்லை. "ஜெயிச்சதெல்லாம் சரி, உக்கார எடம் போச்சே!" என்று அன்று பிரிவே அதிரச் சிரித்தார்.

அதன்பின் அடிபட்டவர்கள் எத்தனையோ பேரை அவர் கமிஷனர் ஆபீசுக்குக் கூட்டிப் போனார். அவர்களில் பலர் செவ்வாயன்று வந்திருந்தார்கள். கைத்தடியோடு வந்தவர்களும் பாடையைத் தொட்டு நடந்தார்கள்.

துயரத்தில் இருப்பவனைத் தனியாக ஆபீஸ் படி ஏற விடாத அக்காவின் பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். மர அறுவை மில்லில் விரல்கள் போன ஒருவர் நேற்று கடைக்கு வந்தார். திங்கட்கிழமை அவரோடு போகிறேன். முதலில் நான்தான் உள்ளே நுழைவேன்.