அண்ணனின் பேசும் பலகை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கும் கணினிப் பயிற்சி மையத்தில் நான் பாடம் எடுக்கிறேன். ஸ்லைடு தயாரிக்கும் மென்பொருளில் 'அட்வான்ஸ்டு' வகுப்பு என்னுடையது. எழுத்து சுற்றிச் சுற்றி வந்து விழுவதுதான் அட்வான்ஸ்டு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களே அதிகம். முதல் நாளே அந்தச் சுற்றலையெல்லாம் எடுக்கச் சொல்லிவிடுவேன். சிலருக்கு முகம் தொங்கிப்போகும். எனக்கு அதில் இரக்கமே கிடையாது. ஒரு ஸ்லைடு தேவையில்லாமல் ஆடினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அண்ணன் இந்த வகுப்பைப் பற்றி ஒரே ஒரு முறை விசாரித்தார். "படத்தத் தள்ளித் தள்ளிக் காட்டுறதுக்கு ஒரு படிப்பாலே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரிடம் யாரும் பதில் பேசி ஜெயிக்க முடியாது. காய்கறி கமிஷன் மண்டி வைத்திருந்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கத்தரியும் தக்காளியும் அவர் வாயால்தான் விலை போகும். அந்தக் குரலை நம்பி விவசாயிகள் மூட்டையை இறக்குவார்கள்.

போன வருஷம் ஒரு விடியற்காலையில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே மண்டியில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. கால் ஓரளவு திரும்பியது, வலது கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பவே இல்லை. 'தா, தா' என்ற ஒரே சத்தம்தான் வந்தது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது, வார்த்தையாக வெளியே வருவதுதான் அறுந்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். பேனாவைக் கொடுத்துப் பார்த்தோம். எழுத்தும் வரவில்லை.

வாய் போனதைவிட எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. கொஞ்ச நாளில் யாரும் அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு மதினியிடம், "சாப்பாடெல்லாம் எறங்குதா? நல்லாத் தூங்குறாரா?" என்று விசாரிப்பார்கள். மதினியும் அவருக்குப் பதிலாகச் சொல்லிப் பழகிவிட்டார். அண்ணன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை மறுபடியும் ஒரு ஆளாக உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்லைடுதான்.

அதனால் ஸ்லைடிலேயே அவருக்கு ஒரு பேசும் பலகை செய்தேன். தொட்டால் வேலை செய்யும் திரையுள்ள பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தது. ஒரு ஸ்லைடில் சில படங்கள்: தண்ணீர், டீ, ஃபேன், கட்டில். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குரல் பதிவு. எந்தப் படத்தைத் தொட்டால் எந்தக் குரல் வர வேண்டும் என்று கட்டிவைப்பதற்கு 'டிரிகர்' என்று பெயர். வகுப்பில் நான் இதை நடத்தினால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். வினாடி வினா வைப்பதைத் தவிர இதனால் வேறென்ன பயன் என்று எனக்குமே தெரியாமல்தான் இருந்தது.

குரலை நானே பேசிப் பதிந்திருந்தேன். செய்தி வாசிக்கிறவர் மாதிரி, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று நிறுத்தி நிதானமாக. அண்ணன் தண்ணீர்ப் படத்தைத் தொட்டார். என் குரல் வந்தது. என்னைப் பார்த்தார். டீயைத் தொட்டார். மறுபடியும் என் குரல். இடது கையால் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமும் வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை இப்படியா மூடுவது என்று இரண்டு நாள் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் அண்ணனின் மகள். நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருந்தது. விடுதியிலிருந்து வந்தவள், "சித்தப்பா, அப்பா பேசுற மாதிரியா இருக்கு இது? அவரு என்னைக்கு 'வேண்டும்'னு சொல்லிருக்காரு?" என்றாள். பிறகு அண்ணனின் போனை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

அண்ணனுக்கு டைப் அடிப்பது ஆகாது. எல்லாவற்றையும் வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜாகத்தான் அனுப்புவார். மண்டிப் பையன்களுக்கு, லாரி டிரைவர்களுக்கு, விவசாயிகளுக்கு, மகளுக்கு. அத்தனையும் அந்தப் போனில் அப்படியே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். முதல் மெசேஜைப் போட்டதுமே அடுப்படியில் மதினி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

மென்பொருளுக்குள்ளேயே ஒலியை முன்னும் பின்னும் வெட்டலாம். ஆனால் அண்ணன் பேசியதை வெட்டுவது லேசான காரியமில்லை. அவர் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் மூச்சே விடமாட்டார். 'தண்ணி' என்ற சொல், "ஏலே, தக்காளி மேல தண்ணி ஊத்தாதலே" என்ற திட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. டீ என்று தனியாக ஒரு இடத்திலும் சொல்லவில்லை. "மூணு டீ சொல்லு" என்பதுதான் கிடைத்தது. கழிவறை என்ற சொல்லுக்கு எங்கே போவது? "வழிய விடு, வழிய விடு" என்று லாரிக்காரரிடம் கத்தியதைப் போட்டோம். யாரையாவது கூப்பிட, "ஏலே, இங்க வாடா." வேண்டாம் என்பதற்கு, சொத்தைக் கத்தரிக்காய்ப் படத்தை வைத்து, விலை படியாதபோது அவர் சொல்லும் "கட்டாது, தள்ளு" என்பதை வைத்தோம். மகளின் போட்டோவைத் தொட்டால், விடுதிக்கு அனுப்பிய பழைய மெசேஜ் வரும்: "பரீச்சைய முடிச்சிட்டு வா தாயி."

இந்த முறை அண்ணன் மூடவில்லை. டீயைத் தொட்டார். "மூணு டீ சொல்லு" என்று தன் குரலே அதட்டியதும் தோள் குலுங்கச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். மதினி நிஜமாகவே மூன்று டீ போட்டுக்கொண்டு வந்தார். தன்னைக் கூப்பிடுவதற்கு அண்ணன் "இங்க வாடா"வைத் தொட்டபோது மட்டும், "என்னையப் பாத்தா மண்டிப் பயலாத் தெரியுதா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

ஒரு தொல்லை இருந்தது. இடது கையால் தொட்டு அண்ணனுக்குப் பழக்கமில்லை. படத்துக்கு வெளியே விரல் பட்டால் ஸ்லைடு அடுத்ததற்குத் தாவிவிடும். அதனால் 'கியாஸ்க்' முறையில் ஓடவிட்டேன். பொருட்காட்சியில் வைக்கும் திரைக்கான ஏற்பாடு அது. நாம் கட்டிவைத்த படத்தைத் தொட்டால் மட்டும் வேலை செய்யும், வேறு எங்கே தொட்டாலும் அசையாது. சாப்பாடு, உடம்பு, மனிதர்கள் என்று ஸ்லைடுகள் பெருகின. எங்கிருந்தாலும் முதல் பலகைக்குத் திரும்ப ஒரு வழி வேண்டும் என்று 'ஸ்லைடு மாஸ்டரில்' ஒரு சின்ன வீட்டுப் படத்தைப் போட்டேன். மாஸ்டரில் ஒரு முறை போட்டால் எல்லா ஸ்லைடிலும் தானாக வந்துவிடும்.

பலகை வந்த பிறகும் வீட்டில் எல்லாரும் அதைத் தண்ணிக்கும் டீக்குமான சாமானாகத்தான் பார்த்தார்கள். அவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

மகளுக்கு வரன் வந்தது அப்போதுதான். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அண்ணன் இப்படி ஆன பிறகு மதினிக்கு இருந்த ஒரே கவலை அவள்தான். "நான் ஒருத்தி இவரப் பாப்பேனா, புள்ளைக்கு மாப்பிள்ளை தேடி அலைவேனா? தானா வந்துருக்கு, தம்பி" என்றார். மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். படிப்பை முடித்துவிட்டுத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அதற்கென்ன என்று தலையாட்டியிருந்தார்கள்.

உறுதி பேசும் நாளில் சபை நடுவில் பெண்ணின் தகப்பன் வாயால் 'சம்மதம்' என்ற வார்த்தை வர வேண்டும். அது எங்கள் பக்க வழக்கம். தகப்பனுக்குப் பதில் சித்தப்பன் சொல்லலாம்தான். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு கொரல்லதான் வரணும்" என்றார். பழைய மெசேஜ்களைத் துழாவியதில் ஒரு விவசாயிக்கு அவர் அனுப்பிய "சம்மதம், ஏத்தி விடு" கிடைத்தது. 'ஏத்தி விடு'வை வெட்டினேன். அந்த நாளுக்காக அதே கோப்பில் ஒரே ஒரு ஸ்லைடு தனியாகச் செய்தேன். நடுவில் பெரிதாக ஒரு வெற்றிலைத் தட்டு. தொட்டால் 'சம்மதம்'. தவறாகத் தொட அதில் வேறெதுவும் கிடையாது என்று மதினியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அன்று வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். தாம்பூலத் தட்டுகள் வந்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு மதினியிடம் பேச ஆரம்பித்தார்.

"ஏனுங்க, இன்னொரு சங்கதி. புள்ள படிச்ச வரைக்கும் போதுமுங்க. தை மாசமே கல்யாணத்த வெச்சுப்போடலாம். தோட்டம் தொரவு கெடக்கறப்ப ஆஸ்பத்திரி வேலையெல்லாம் எதுக்குங்க?"

அடுப்படி வாசலில் நின்ற பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வந்த சம்பந்தம் கை நழுவிவிடுமோ என்ற பயம் மதினி முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. "அதுக்கென்னங்க, ஒங்க பிரியம்" என்று சொல்லிவிட்டார். நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன். தட்டில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"அப்பறம் என்னங்க, வார்த்தையச் சொல்லச் சொல்லுங்க" என்றார் தாய்மாமன். மதினி லேப்டாப்பை அண்ணன் முன்னால் நகர்த்தி, "இதத் தொடுங்க சாமி" என்று வெற்றிலைத் தட்டைக் காட்டினார்.

அண்ணன் வெற்றிலையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இடது கை மெதுவாக மேலே வந்து, திரையின் மூலைக்குப் போனது. அங்கே அந்தச் சின்ன வீடு இருந்தது. மாஸ்டரில் போட்டதால் இந்த ஸ்லைடிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. வீட்டைத் தொட்டதும் முதல் பலகை விரிந்தது. சொத்தைக் கத்தரிக்காயைத் தொட்டார்.

"கட்டாது, தள்ளு!"

சபைக்குக் கேட்க வேண்டும் என்று ஒலியை நான் முழுவதும் ஏற்றி வைத்திருந்தேன். பாயில் இருந்தவர்கள் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார்கள். "சிஸ்டம் தப்பாப் பேசுது" என்றார் யாரோ. மதினிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "தம்பி, என்னத்தையோ மாத்தி வச்சிட்டீங்க, பாருங்க" என்றார். நான் எழுந்து போய் வெற்றிலை ஸ்லைடை மறுபடி திறந்து வைத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, மறுபடியும் வீட்டைத் தொட்டு, கத்தரிக்காயையும் தொட்டார்.

"கட்டாது, தள்ளு!"

அடுத்து மகளின் போட்டோவைத் தொட்டார்.

"பரீச்சைய முடிச்சிட்டு வா தாயி."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தாய்மாமன் உட்கார்ந்த வாக்கிலேயே திரும்பி, வந்ததிலிருந்து முதல் முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்தார். "சரிங்க. நீங்க சொல்லிப்போட்டீங்க. நாங்க ஊட்டுல கலந்து பேசறமுங்க" என்று அவரிடமே சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். காபியைக் குடித்துவிட்டுத் தட்டுகளோடு கிளம்பினார்கள். அந்தச் சம்பந்தம் திரும்பி வரவில்லை.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும் வரை மதினி வாசலில் நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்து அண்ணன் எதிரில் நின்றுகொண்டார்.

"இம்புட்டு சனத்துக்கு முன்னால ஏன் மானத்த வாங்குனீங்க? நீங்க இப்படிக் கெடக்கையில புள்ளைக்கு ஒரு வழி பண்ணணும்னு ஒத்தையா நின்னு அல்லாடுறது நானு. நாளைக்கு எவன் வருவான்? தெரியுமா ஒங்களுக்கு? கட்டாதாம்ல, கட்டாது!"

குரல் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் படுத்த நாளிலிருந்து அவரிடம் மதினி ஒரு வார்த்தை உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. சாமி, ராசா என்று குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பதறிவிட்டது.

"மதினி, அண்ணன் ஒடம்புக்கு…"

"நீங்க சும்மா இருங்க தம்பி. இது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு."

மகள் ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். மதினி பாயில் தொப்பென்று உட்கார்ந்து, லேப்டாப்பை அண்ணன் மடியருகே இழுத்து வைத்தார்.

"சொல்லுங்க. எனக்குப் பதில் சொல்லுங்க."

அண்ணன் திரையைக் குனிந்து பார்த்தார். நான் வெட்டி வைத்த எந்த வார்த்தையும் அதற்குப் போதாது என்று எனக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு படத்தின் மேலும் விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தி, அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருந்தார். மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் விரலையே பார்த்தபடி காத்திருந்தார்.