மகெல்லனாகச் செத்துப் பிழைத்தவர்

செபு நகரத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் மக்தான் தீவு. அங்கே காவ்டென்சியோ ஓம்பாடைத் தெரியாதவர் கிடையாது. ஏ.சி. பழுது பார்ப்பவர் என்பதற்காக இல்லை. அந்த வகையில் அவரைத் தெரிந்துகொண்டவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. இருபத்து மூன்று வருஷமாக மகெல்லன் வேஷம் கட்டி, லாபுலாபுவின் கையால் வெட்டுப்பட்டுச் சாகிறவர் என்பதற்காக.

ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஸ்பெயின் கப்பலேறி வந்து அதிகாரம் பண்ணிய அந்தத் தளபதியை, எங்கள் தலைவன் லாபுலாபு முழங்கால் தண்ணீரில் வைத்தே முடித்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் அதை நடித்துக் காட்டுகிறோம். லாபுலாபு வேஷத்துக்கு ஊரே வரிசையில் நிற்கும். மகெல்லனுக்குத்தான் ஆள் அகப்படாது. சொந்த ஊரில், சொந்தக்காரர்கள் கைதட்ட, தோற்றுச் சாக யாருக்கு மனசு வரும்? டென்சியோவுக்கு வேஷம் கிடைத்த கதையை அவரே சொல்லுவார்.

"அப்போ நம்ம பேட்டையில ஒழுங்கா தாடி வளந்தது மூணே பேருக்கு. ஒண்ணு பாதிரியார். ஒண்ணு பேட்டைத் தலைவர் வீட்டுக் கிடா. மூணாவது நான். பாதிரியார் மாட்டேன்னுட்டார். கிடாவுக்கு வசனம் வரல."

இப்படித் தன்னைத் தானே கிண்டலடிப்பதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. மற்றவர்களுக்கு மிச்சம் வைக்க மாட்டார். கவசம் அவரே செய்தது, ஏ.சி. காற்றுக்குழாய்க்கு வெட்டும் தகரம். தலைக்கவசம் சோற்றுக் குண்டான் மூடி, மேலே பெயிண்ட் அடித்த தென்னம்பாளை. "இதைப் போட்டுக்கிட்டா எனக்கே என்னைக் குத்தணும் போலத்தான் இருக்கு" என்பார். ஆனால் சாவில் மட்டும் விளையாட்டு கிடையாது. முதலில் காலில் அம்பு. அப்புறம் கையில் ஈட்டி. பிறகு ஒரு முழங்கால் மடியும், சற்றுப் பொறுத்து இன்னொன்று. தூரத்தில் நிற்கும் கப்பல்களைத் திரும்பி ஒரு பார்வை. கடைசியில் முகம் தண்ணீரில். மொத்தம் பதினொரு நிமிடம். இந்தப் பதினொரு நிமிடத்தைப் பற்றி அவர் ஒருநாளும் தமாஷ் பண்ணியதில்லை. அவருடைய மனைவி பியாங் மட்டுந்தான் அதைக் கவனித்திருந்தாள்.

பியாங்குக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்பக் கூடாது. வழியில் எங்காவது நின்று, எதையாவது தின்று, கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததை உதறிவிட்டு வரவேண்டும். பக்பக் என்போம். கணவன் முதல் தடவை மகெல்லனாகச் செத்துவிட்டு வந்த அன்றே அவள் வாசற்படியில் மறித்துக்கொண்டாள்.

"எங்கயாவது நின்னுட்டு வந்தியா?"

"அடியே, அது நாடகம்."

"குத்துனாங்களா இல்லையா? தூக்கிட்டு வந்தாங்களா இல்லையா? நாலு பொம்பளைங்க அழுதாங்களா இல்லையா? அப்புறம் என்ன நாடகம்? போய் உதறிட்டு வா."

அன்றிலிருந்து செத்த நாளெல்லாம் அவர் கொலைகாரன் வீட்டுக்குப் போய் உதறிவிட்டு வருகிறார். லாபுலாபுவாக நடிக்கும் ரொதுல்போ மீன் வியாபாரி. கொன்றவனும் செத்தவனும் ஆளுக்கு ஒரு குவளை கள்ளோடு உட்கார்ந்து, குத்து சரியாக விழுந்ததா என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஒழுங்கான வாழ்க்கையில் திரிக்ஸி மேடம் வந்து சேர்ந்தது போன பிப்ரவரியில். மாநாடு நடத்திக் கொடுக்கும் கம்பெனிக்காரி. செபுவை ஆசியாவின் மாநாட்டுத் தலைநகரம் ஆக்கியே தீருவது என்று ஒரு வீராப்பு அவளுக்கு. கையில் எப்போதும் ஒரு பட்டியல்: நாலாயிரம் பேர் உட்காரும் மண்டபம், பக்கத்திலேயே விமான நிலையம், கடலோர ஓட்டல்கள், ஒரு பழைய சிலுவை, பள்ளி மைதானம் அளவுக்கு ஒரு கோட்டை, ஒரு கொலை. கடைசி அயிட்டம்தான் டென்சியோ.

ஓட்டல் கடற்கரையில் எல்லா மாநாட்டுக்கும் இந்தக் காட்சியைத் தினப்படி நடத்துவது அவளுடைய திட்டம். முதல் வாடிக்கை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது: ஆசிய ஈமச்சடங்கு சேவையாளர் பேரவை. பத்து நாட்டிலிருந்து மூவாயிரம் வெட்டியான்கள், கோட்டு சூட்டோடு. இடம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஐந்து பேர் குழு முன்னாடியே வருகிறது.

"மனோய் டென்சியோ, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் திரிக்ஸி. வயதில் மூத்தவரை அண்ணன் என்று மரியாதையோடு கூப்பிட்டுவிட்டுத்தான் எங்கள் ஊரில் காலை வாருவார்கள். "குழுவுக்கு இந்த ஒரு தடவை நீங்களே பண்ணுங்க. தினப்படி ஷோவுக்கு மணிலாவுலேர்ந்து ஆள் பாத்திருக்கேன்." போனில் படத்தைக் காட்டினாள். ராஃபா மொந்தெலிபானோ. ஆறடி. மூக்கு ஸ்பெயினிலேயே செய்து இறக்கியது மாதிரி இருந்தது. தாடி இல்லை.

"நல்ல பையன்" என்றார் டென்சியோ. "என்னைக் கொல்ல இருபத்து மூணு வருஷமா லாபுலாபு வாளைத் தூக்கிக்கிட்டு வந்தான். நேரா இவனை அனுப்பியிருக்கலாம்."

திரிக்ஸி சிரித்தாள். "இன்னொண்ணு. சாவு நாலு நிமிஷத்துல முடியணும். பன்னெண்டு மணிக்கு விருந்து. லெச்சோன் ஆறிடும்."

முழுப் பன்றியைச் சுட்டுத் தோல் மொறுமொறுவென்று இருக்கும்போதே வெட்டவேண்டும் என்பதில் செபுக்காரர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. டென்சியோவாலும் மறுத்துப் பேச முடியவில்லை. வீட்டுக்கு வந்து தகரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டே பியாங்கிடம் சொன்னார்: "நல்லதாப் போச்சு. முட்டி வேற வலிக்குது. அம்பத்தெட்டு வயசுல தண்ணிக்குள்ள என்ன ஆட்டம்?"

"விட்டுடப் போறியா?"

"விட்டுட்டா போச்சு. தோக்கறதுக்கு மணிலாவுலேர்ந்து ஆள் வருதுன்னா தொழில் முன்னேறியிருக்குன்னுதானே அர்த்தம்?"

ஒரே இடத்தை அவர் இருபது நிமிடமாகத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பியாங் பார்த்தாள். அந்த இடத்தில் பெயிண்டே போய்விட்டது.

குழு வந்த அன்று கடல் நன்றாக வற்றியிருந்தது. குடைகளுக்குக் கீழே ஐந்து நாற்காலி. நடுவில் தலைவி, தைவானிலிருந்து வந்த லியாவ் அம்மாள். எழுபது வயதுக்கு மேல், வெள்ளைக் கையுறை. ஓரத்தில் ஆறாவது நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு ராஃபா. டென்சியோ அவனைப் பார்த்ததும் தாடியை ஒருமுறை தடவிக்கொண்டார். தன்னிடம் இருந்து அவனிடம் இல்லாத ஒரே சொத்து அது.

சண்டை தொடங்கியது. அம்பு, ஈட்டி எல்லாம் முறைப்படி. முதல் முழங்கால் மடிந்தது. ரொதுல்போ வாளை ஓங்கிக்கொண்டு நெருங்கி வந்து, உதடு அசையாமல் பேசினான்.

"மனோய், நாலு நிமிஷம் ஆயிடுச்சு. செத்துடு."

"இன்னொரு முட்டி பாக்கி இருக்குடா."

"அந்தம்மா கையைக் காட்டுறா. பன்னி ஆறுதாம்."

"கப்பலைப் பாக்கல இன்னும்."

"அங்க ஏது கப்பல்? ஓட்டல்காரன் சவாரி விடற வாழைப்பழப் படகுதான் நிக்குது."

"அதைப் பாத்துட்டுச் சாகறேன். ரொதுல்போ, இதுதான் கடைசி. கொஞ்சம் மெதுவாக் கொல்லு."

இத்தனை வருஷத்தில் டென்சியோ அவனிடம் கேட்ட முதல் உதவி அதுதான். ரொதுல்போ ஓங்கிய வாளை அப்படியே நிறுத்தினான். கரையில் திரிக்ஸி கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு, தன் வீரர்களைப் பார்த்து இல்லாத வசனம் ஒன்றை முழங்கினான். அன்றைய மீன் விலையாக இருக்கலாம். அந்த இடைவெளியில் இரண்டாவது முழங்கால் மடிந்தது. டென்சியோ திரும்பி, மஞ்சள் ரப்பர் படகை, திரும்பிப் போக முடியாத ஒரு நாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு வாள் இறங்கியது. பதினொரு நிமிடம். ஒரு நொடி குறையவில்லை.

கரையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். வழக்கமாக இந்தக் கட்டத்தில் கைதட்டல் வரும். அன்று சத்தத்தையே காணோம். கண்ணை மூடிக் கிடந்தவருக்கு மணலில் காலடி கேட்டது. போச்சு, சொதப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். பிணத்துக்கு ஒரு வசதி, எழுந்து விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

கையுறை போட்ட ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்து, நேராக்கி, வயிற்றின் மேல் வைத்தது. இன்னொரு கை தாடையைத் தொட்டு வாயை மூடியது. லியாவ் அம்மாள்தான்.

"ஐம்பது வருஷமா இதே வேலை எனக்கு" என்றாள் பின்னால் நின்றவர்களிடம். "நடிக்கிறவங்க எல்லாரும் பட்டுனு செத்துடறாங்க, விளக்கை அணைச்ச மாதிரி. இவரு ஒவ்வொரு இடமா விட்டுட்டுப் போறாரு. முதல்ல காலு, அப்புறம் கை, கண்ணு கடைசி. இதைச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"யாரும் இல்லீங்க" என்றது பிணம். "அதான் நேரம் ஜாஸ்தி ஆகுது."

"விருந்து!" என்று கூவினாள் திரிக்ஸி. "எல்லாரும் பஸ்ஸுக்கு வாங்க, நேரா ஓட்டல் ஹால்!"

பஸ் டிரைவர் நெஸ்டோர் கதவைத் திறக்காமல் நின்றான். அவன் பியாங்கின் சொந்தத் தம்பி.

"நேரா போக முடியாது மேடம். சாவு பாத்துட்டு வர்றாங்க. எங்கயாவது நிறுத்திட்டுத்தான் போகணும்."

"அது நடிப்பு, நெஸ்டோர்!"

"அக்கா கிட்டச் சொல்லிப் பாருங்க."

அவர்களுக்குள் என்ன சங்கதி என்று லியாவ் அம்மாள் விசாரித்தாள். நெஸ்டோர் சொன்னான். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அவரவர் ஊரிலும் இதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. ஒருவர் உப்பு என்றார், ஒருவர் நெருப்பு என்றார், பூ போட்ட தண்ணீர் என்றார் இன்னொருவர். சாப்பிட நிற்பது என்ற ஏற்பாட்டைத்தான் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"எங்க நிறுத்துவீங்க?" என்று ஆவலாகக் கேட்டாள் அம்மாள்.

எல்லாரும் ஏறினார்கள். கடைசியாக டென்சியோ ஏறப் போனபோது நெஸ்டோர் கையை நீட்டி மறித்தான்.

"நீ ஏறக் கூடாது மச்சான்."

"ஏன்டா?"

"உன்னைத்தான் உதறப் போறோம். நீயே உள்ள உக்காந்திருந்தா எப்படி உதறுறது?"

ஆகவே டென்சியோ தகரக் கவசமும் ஈரக் கால்சட்டையுமாக, தன்னைக் கொன்றவனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பஸ்ஸைத் தொடர்ந்து போனார்.

நெஸ்டோர் நிறுத்தியது சந்தை ஓரம், குட்டை பெஞ்சில் குந்தி உட்கார்ந்து தின்னும் கடை. பெட்டியில் பொரித்த பன்றிக் குடல், தொத்திறைச்சி. ஓலைக் கூட்டுக்குள் வெந்த சோறு தோரணமாகத் தொங்கியது. ஆளுக்கு ஒரு கிண்ணம் காரக் காடி. கடைக்காரி எல்லாருக்கும் பிளாஸ்டிக் கையுறை கொடுத்தாள். லியாவ் அம்மாள் வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். ஐந்து நாட்டு ஈமத் தொழிலதிபர்களும் முழங்கால் முகவாயில் இடிக்கக் குந்தியிருந்து குடலைக் காடியில் முக்கித் தின்றார்கள். மகெல்லன் தள்ளி ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்த்தப்பட்டார். தட்டு மட்டும் போய்ச் சேர்ந்தது. ஓட்டலில் பன்றி ஆறிக்கொண்டிருந்தது. திரிக்ஸி பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டு இரண்டாவது கூட்டுச் சோறு வாங்கினாள்.

மூன்று வாரம் டென்சியோ யார் வீட்டு ஏ.சி.யையும் அரைகுறையாகக்கூடச் சரி செய்யாமலே திரிந்தார். சாலையில் போனவர்கள் "என்ன மனோய், மணிலாக்காரன் வந்துட்டானா?" என்றால், "வரட்டும், என் குண்டான் மூடி அவன் தலைக்குப் பத்தாது" என்று சிரித்துவைப்பார். ஒரு சனிக்கிழமை காலை திரிக்ஸியே வீட்டுக்கு வந்தாள்.

மூவாயிரம் பேரும் வருகிறார்கள். குழு இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறது. சாப்பிட நிற்கும் இடம் நிகழ்ச்சி நிரலில் இருக்கவேண்டும். செத்தவரையும் அவர் சாவையும் மாற்றக் கூடாது.

"சிக்கல் என்னன்னா மனோய், ராஃபாவுக்கு ஒப்பந்தம் போட்டாச்சு. அதனால இப்படி வெச்சுக்கலாம். கப்பல்ல வர்றது, கொடி நடறது, வசனம், சண்டை எல்லாம் அவன். காலில அம்பு பட்டதும் வீரர்கள் சுத்தி மறைப்பாங்க. அங்க ஆள் மாறும். சாகறது மட்டும் நீங்க."

டென்சியோ பியாங்கைப் பார்த்தார். அவள் முறத்தில் காய்ந்த மாம்பழத் துண்டுகளைப் புரட்டிக்கொண்டே, "அதாவது உயிரோட இருக்கறதுக்கு நீ லாயக்கில்ல" என்றாள்.

"நீ முப்பது வருஷமா சொல்றதுதானே" என்றார் அவர். பிறகு திரிக்ஸியிடம் திரும்பினார். "பதினொரு நிமிஷமா?"

"பதினொரு நிமிஷம். எழுத்துலயே கேட்டிருக்காங்க."

"நடக்க வேணாம், வசனம் வேணாம், நேரா சாவு. மேடம், இந்த வேலையைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன்."

திரிக்ஸி எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "ஒரு விஷயம். ஆள் மாறுறது தெரியக் கூடாது. ராஃபாவுக்குத் தாடி வளராதாம். உங்க தாடி மாதிரியே ஒண்ணு செஞ்சு ஒட்டணும். அளவு எடுக்க ஆள் வரும், அசையாம உக்காந்துக்கோங்க."

ஆள் வந்து நூல் வைத்து அளந்துகொண்டு போனான். முடி எங்கே வாங்குவது என்று அவன் கேட்டபோது டென்சியோ தயங்காமல் பேட்டைத் தலைவர் வீட்டுக்கு வழி காட்டினார். அந்தப் பழைய கிடா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது; அதன் பேரனோ கொள்ளுப்பேரனோ அங்கே நிற்கிறது, தாடி அச்சு அசல் அதேதான். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. இப்போது ஆறடி ராஃபா தினமும் அதை ஒட்டிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்குகிறான். பாதிரியார் ஒருவர்தான் இன்னும் இதில் சேராமல் இருக்கிறார்.