முறம் கட்சித் தலைவி ஆரோக்கியம்

பொம்மிடி ரயில் நிலையத்தில், வண்டிக்கு வெகு முன்னதாகவே போய், நிலையத்தையே எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டது போல் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில் தங்கை மகன் அந்தோணி போன் செய்தான். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். மூன்று மாவட்டங்களில் வாய்க்குப் பேர்போனவன் நான். அன்று கால்மேல் போட்ட காலைக் கீழே இறக்கி வைத்ததோடு சரி. அவனே பேசினான்.

"முக்கூட்டு ரோட்டுல அந்த முறக்கொடி இன்னும் மேலதான் பறக்குது மாமா. அம்மாவ எடுக்கறதுக்குள்ள அத அரைக்கம்பத்துக்கு எறக்கணும். நான் கை வெக்க முடியாது. நீங்க வந்துதான் ஆகணும்."

ஆரோக்கியத்தை அறிந்த உங்களுக்கு அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களின் கனம் தெரியும். 'முறக்கொடி' படத்தில் மட்டும் அவளைப் பார்த்தவர்களுக்காக, ஆதியோடந்தமாக, வழக்கம்போல் கொஞ்சம் மிகைப்படுத்தியும் சொல்கிறேன். ஆனால் கம்பத்தடியில் நடந்ததை மட்டும் மிகைப்படுத்தப் போவதில்லை. அதற்குத் தேவையில்லை.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையை ஒட்டியது எங்கள் ஊர். ஆரோக்கியம் எனக்குச் சித்தப்பா மகள். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு, தக்காளி மண்டியில் பழம் பிரிக்கிற வேலைக்குப் போய் அந்தோணியை வளர்த்தாள். அவள் குரலுக்குப் பயந்து பச்சைக் காய்கள் கூடையிலேயே பழுத்துவிடும் என்பது என் நெடுநாள் ஆராய்ச்சி முடிவு. சினிமாவுக்கும் அவளுக்கும் உள்ள தூரம், எனக்கும் தவத்துக்கும் உள்ள தூரம்.

செல்வா என்ற இளம் இயக்குநர் எங்கள் ஊரில் படமெடுக்க வந்தபோது, ஊர் விவகாரங்களுக்குப் பொறுப்பாளனாக என்னை நியமித்தார். டீ வாங்கிக் கொடுப்பதும் அதில் அடக்கம். கதை இதுதான். கொடிக்கம்பம் நடுகிற தகராறில் கோமதி என்பவளின் கணவன் கொல்லப்படுகிறான். எதிர்க்கட்சிக்காரன் சின்னராசுமேல் வழக்கு, சாட்சியில்லாமல் விடுதலை. வருடங்கள் கழித்து, தலை நரைத்த கோமதிக்கு அந்தச் சின்னராசுமேலேயே மனம் போய்விடுகிறது. கல்யாணம் இல்லை, பாட்டு இல்லை. கடைசிக் காட்சியில், ஊர் பார்க்க, கணவன் செத்த கம்பத்தடியிலேயே அவன் பாதி குடித்த டீயை அவள் வாங்கிக் குடிக்கிறாள். அவ்வளவுதான் காதல்.

மண்டிக்குள் வைத்தே செல்வா இதைச் சொல்லி, கோமதியாக நடிக்கக் கேட்டார். ஆரோக்கியம் கையிலிருந்த தக்காளியைக் கீழே வைத்தாள். நான் இரண்டு அடி பின்வாங்கினேன்.

"புருஷனக் கொன்னவனோட எச்சி டீ குடிக்கறவளா? நான் அங்க இருந்தா செருப்பாலயே அடிப்பேன்" என்றாள். பிறகு, "அவன் நெசமாவே கொன்னானா?" என்று கேட்டாள்.

"அது படத்துல கடைசி வரைக்கும் தெரியாதுங்க."

"அவளுக்கும் தெரியாதா?"

"தெரியாதுங்க."

ஒரு கூடையைப் பிரித்து முடித்தாள். "தெரியாமயே ஒருத்தன்மேல ஆசப்பட்டுக்கிட்டு ஊர்ல இருக்கணுமா? பாவம், அவ எப்படித்தான் தூங்கறாளோ" என்றாள். அந்த நிமிடமே அவள் கோமதியாகிவிட்டாள் என்று இன்று சொல்கிறேன். அன்று எனக்கு, அடி விழாமல் தப்பித்தோம் என்பதுதான் தோன்றியது.

அந்தோணிக்குப் பொறுக்கவில்லை. ஊரின் இரண்டு கட்சிகளில் ஒன்றில் அவன் இளைஞரணி. (எந்தக் கட்சி என்று எழுதினால் இரண்டு கட்சியும் என் வீட்டுக்கு வரும். வருகிறவர்களுக்கு டீ போடத் தெம்பில்லை.) "எங்கப்பா செத்து மண்ணாப் போனாரு. எங்கம்மா திரையில இன்னொருத்தன் டீயக் குடிப்பாங்க. அத நான் கட்சி ஆபீஸ்ல உக்காந்து கேக்கணுமா?" என்று என் சட்டையைப் பிடித்தான். தாயிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "அந்த டீயக் குடிச்சீங்கன்னா வூட்டுக்கு வராதீங்க."

அவளுக்கு இருந்தது அந்த ஒரு வீடும் அந்த ஒரு மகனும்தான்.

இப்போது எங்கள் ஊர்ச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் எங்கள் முக்கூட்டு ரோட்டுக்கு வராததால் அதில் விட்டுப்போன பகுதி இது. ஒரு கட்சி கொடியேற்றி மிட்டாய் கொடுத்து, அதை ஊர் தின்றுவிட்டால், கம்பம் நிலைத்துவிட்டது என்று பொருள். தின்றவன் எவனும் அந்தக் கம்பத்தில் கை வைக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு கட்சியும் மிட்டாய் தின்னாத ஆள் ஒருவரை வைத்திருக்கும். கொடியை இறக்கவும் மாற்றவும் அவருக்கு மட்டுமே உரிமை. பழைய அடிதடி ஒன்றுக்குப் பிறகு இரு தரப்பும் சேர்ந்து வகுத்தது. முக்கூட்டில் மூன்றாவது கம்பம் வரவே கூடாது என்பதும் அன்று பேசியதுதான்.

இதெல்லாம் செல்வாவுக்குத் தெரியாது. கோமதி தன் கட்சிக் கொடியை ஏற்றும் காட்சிக்காக, முறம் வரைந்த மஞ்சள் கொடியோடு சிமெண்டுப் பீடம் கட்டி ஒரு கம்பத்தை நட்டார். இயல்பாக இருக்கட்டும் என்று நிஜ ஆரஞ்சு மிட்டாயையே கொடுக்கச் சொன்னார். காலையில் ஆரோக்கியம் கொடியேற்றினாள். வேடிக்கை பார்க்க வந்த ஊரே கூட்டமாக நடித்தது. அவள் தட்டை நீட்ட, கேமரா ஓட, ஊரே தின்றது. கூட்டத்தின் ஓரத்தில் முறைத்துக்கொண்டு நின்ற அந்தோணியின் வாயிலும் ஒன்றைத் திணித்துவிட்டாள். எனக்கும் நீட்டினாள். சர்க்கரை வியாதியைக் காட்டி ஒதுங்கிக்கொண்டேன்.

மதியத்துக்குள் யாரோ ஒருவனுக்குச் சட்டம் நினைவுக்கு வந்திருக்கிறது. சாயங்காலம், டீக் காட்சிக்கு வெளிச்சம் சரியாக இருந்த நேரத்தில், இரண்டு கட்சிக்காரர் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வாழ்நாளில் ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள். கையில் கடப்பாரை. யாரும் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சின்னராசுவாக நடித்த மாதப்பன் ஆட்டு வியாபாரி, எந்தச் சந்தையிலும் அசராதவர். அவர் டீ கிளாஸோடு கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கேமராவுக்கு முன்னால் செல்வா கையை விரித்துக்கொண்டு நின்றார். பென்னாகரத்துக்குப் போன் போட்டார்கள். போலீஸ் வந்து சேருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"மூணாவது கட்சி எவன்டா கொண்டாந்தது?"

"சினிமாங்க, இது சினிமாக் கட்சி" என்றார் செல்வா.

"மிட்டாய் சினிமா மிட்டாயா? வயித்துக்குள்ள போயிருச்சுல்ல?"

ஒருவன் கடப்பாரையைப் பீடத்தின் இடுக்கில் வைத்தான். சிமெண்டு இன்னும் காயவில்லை. ஆரோக்கியம், கோமதியின் வெள்ளைச் சேலையோடு நடந்து வந்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாக்க நீட்டுடா" என்றாள்.

"என்னது?"

"நாக்க நீட்டுங்கறேன்."

நீட்டினான். மதியச் சோறு தின்றும் போகாத ஆரஞ்சுச் சாயம். அடுத்தவனைப் பார்த்தாள், அவன் தானாகவே வாயை இறுக்கி மூடிக்கொண்டான். "நீ? நீங்க? ஏய், பின்னாடி ஒளியறவனே, வா இங்க." ஒவ்வொருவராக. மண்டியில் பழம் பிரிக்கிற அதே கண். கடைசியில் மகன் எதிரே நின்றாள். அவன் நாக்கை நீட்டவில்லை. நீட்டவும் தேவையில்லை, அவள் கையால் ஊட்டியதுதான்.

"எல்லாரும் தின்னிருக்கறீங்க. நீங்க போட்ட சட்டம்தான் இது. எவன் கை வெக்கறான், பாக்கறேன்."

கடப்பாரை இடுக்கிலிருந்து வெளியே வந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் அந்தோணி சொன்னான், மெதுவாக, என்னைப் பார்த்து: "மாமா தின்னல. மாமாவுக்குச் சக்கர."

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. ஒருவன் கடப்பாரையை என் கையில் திணித்தான். அன்பர்களே, பீமனின் கதாயுதத்தைவிட ஆறு மடங்கு கனம் அது. "புடுங்குங்க மாமா." இரண்டு கட்சியும் ஒரே குரலில் என்னை அழைத்த ஒரே சந்தர்ப்பம் என் வாழ்வில் அதுதான். பிடுங்கினால் தங்கையின் படம் போச்சு. பிடுங்காவிட்டால் நான் இந்த ஊரில் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவது? கடப்பாரையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆரோக்கியம் என் காதருகே வந்தாள். "பயமா இருக்குதுங்களாண்ணா?"

"இல்லையே" என்றேன். பல் தந்தியடித்தது.

"எனக்கும்தான். பயத்தத் தொரத்தாதீங்க. ஓரமா உக்கார வெச்சுட்டு வேலையப் பாருங்க."

நான் கடப்பாரையைத் தரையில் கிடத்தினேன். அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, ஈரச் சிமெண்டுப் பீடத்தில், இந்திர சபைச் சிம்மாசனத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்தேன். வேட்டியில் ஒட்டிய சிமெண்டு இன்றுவரை போகவில்லை. "டைரக்டர் தம்பி, வெளிச்சம் போகுது" என்றேன். குரல் எலிக்குஞ்சின் குரலாக வந்தது, ஆனால் வந்தது.

செல்வா கேமராவை ஓடவிட்டார். நடிக்க வந்த கூட்டமும் அடிக்க வந்த கூட்டமும் ஒன்றாக நிற்க, மாதப்பன் பாதி டீ குடித்தார். ஆரோக்கியம் கையை நீட்டினாள். நீட்டிய பிறகு, கூட்டத்தில் மகனின் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் திரையில் பார்த்தீர்களே, கிளாஸை வாங்குவதற்கு முன் கோமதி நெடுநேரம் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பதை, அது நடிப்பல்ல. மகன் முகத்தில் அவள் பார்த்தது தன் வீட்டு வாசலை. பிறகு கிளாஸை வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். சட்டத்தின்படி யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. கூட்டம் கலைந்தது.

நான்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கதவு பூட்டியிருந்தது; சாவி அந்தோணியிடம். வாசலில் கிடந்த தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தார் அவரவர் வாசலில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தோணி வந்தான்.

"குடிச்சிட்டீங்கல்ல?"

"பாத்துக்கிட்டுத்தான நின்ன."

"எதுக்கும்மா?"

"அந்தக் கோமதி குடிக்கணும்னு ஆசப்பட்டா. அவளுக்காகக் குடிக்க என்ன விட்டா ஆளில்லடா."

அவன் சாவியைத் தாயின் மடியில் போட்டுவிட்டு, வந்த வழியே போனான். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தான், சோறு தின்றான், பேச மாட்டான். நான் சமாதானத் தூது போகிறேன் என்றதற்கு, "நீங்க போனா மூணாவது சண்ட வந்துரும். சோறு எறங்குதுல்ல, பேச்சும் எறங்கும். விடுங்கண்ணா" என்றாள்.

படம் வெளிவந்து, எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். அந்தோணி உட்காரவில்லை. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அன்று நான் திரையைப் பார்த்ததைவிட அவனைப் பார்த்ததுதான் அதிகம். டீக் காட்சி வந்தது. முன்வரிசையில் எவனோ விசிலடித்து, "பல்லுப் போன காலத்துல கெழவிக்கு லவ்வப் பாரு" என்றான். மண்டபம் சிரிக்க வாயெடுத்தது. என் பக்கத்தில் ஆரோக்கியத்தின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின.

"டேய்" என்றான் அந்தோணி, கதவோரத்திலிருந்து. "மூடிக்கிட்டுப் படத்தப் பாரு. எங்கம்மா டீ குடிக்கறாங்க."

அவன் கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. கோமதி டீயை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்ததும் ஆரோக்கியம் என்னிடம் அறிவித்தாள்: "முறம் கட்சிக்கு நான் தலைவி. நீங்க கிளைச் செயலாளரு. மிட்டாய் தின்னாத ஆளும் நீங்கதான். ஒழுங்கா இருங்க." நாலு தேர்தல் ஜெயித்தவனைப் போல் நான் மீசையைத் தடவினேன். அந்தக் கம்பம் இன்றும் முக்கூட்டில் நிற்கிறது. எடுக்கத்தான் என்னைத் தவிர எவனுக்கும் உரிமையில்லையே.

பொம்மிடியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அந்தோணி கம்பத்தடியில் காத்திருந்தான். இரண்டு கட்சியும் அவரவர் கம்பத்தருகே நின்றன. எவனும் முறக்கொடியின் கயிற்றைத் தொட்டிருக்கவில்லை. நான் அவிழ்த்தேன். கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கிக் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் மற்ற இரண்டு கொடிகளும் இறங்கிக்கொண்டிருந்தன. முதலில் இறக்கியது எந்தக் கட்சி என்பதில் இப்போது சண்டை நடக்கிறது. கோயில் மணி அடித்தது. அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போனோம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கொடியை மறுபடி மேலே ஏற்றினேன். அந்தோணி தட்டில் ஆரஞ்சு மிட்டாயோடு ஊரைச் சுற்றிவந்து, கடைசியில் என்னிடம் நீட்டினான். "இன்னிக்கு ஒரு நாளைக்குத் தின்னுங்க மாமா. ஒண்ணும் ஆகாது."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆரோக்கியத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை: சிமெண்டு ஒட்டிய ஒரு வேட்டி, என் பக்கத்திலேயே ஓரமாக உட்கார்ந்திருக்கும் பயம், இந்த மிட்டாய். அதைத் தின்னப் போவதில்லை. மஞ்சள் கொடி ஓரத்தில் கிழியத் தொடங்கியிருக்கிறது. மாற்றுவதற்கு ஊரில் ஒரு ஆள் வேண்டும்.