கரும்பறவைக்கு ஒரு சாட்சி

மினசோட்டாவின் வடகோடி ஏரிக்கரைச் சிற்றூரில், தபால் நிலையத்தில் முப்பத்தோராண்டு முத்திரை குத்தி ஓய்வு பெற்ற ஆர்டிஸ் அம்மாளுக்கு ஒரே ஒரு லட்சியந்தான் மிச்சமிருந்தது. ஊர் வார இதழின் மூன்றாம் பக்கத்தில், 'இவ்வாண்டின் முதல் கரும்பறவையைக் கண்டவர்' என்று தம் பெயர் அச்சேற வேண்டும். தொடர்ந்து பத்தாண்டுகள் ஏறியது. மற்றவர்கள் சலித்துப்போய் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

தோளில் சிவப்புப் பட்டையணிந்த அப்பறவை தெற்கிலிருந்து திரும்பினால்தான் அவ்வூருக்கு வசந்தம். வந்திறங்கும் நாளில் அதற்குப் புதுமாப்பிள்ளை மரியாதை. மறுவாரம் கூட்டத்தோடு வந்து, வீடுகளில் பறவைகளுக்கு வைக்கும் தீனித்தட்டைக் காலி செய்ததும் துடைப்பக்கட்டை மரியாதை.

விட்டுக்கொடுக்காத ஒரே போட்டியாளர் பக்கத்து வீட்டு வெண்டல். "அந்தம்மா கண்டது காக்கை" என்று சென்ற ஆண்டு அவர் இதழுக்கு எழுதிப்போட, பறவையைக் கண்டவர் தரும் படிவத்தில் வேற்று வீட்டார் ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று இதழாசிரியர் விதி வகுத்தார். தெருவில் மற்றவர்களெல்லாம் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்குப் போயிருந்தார்கள். எஞ்சிய சாட்சி வெண்டல்தான்.

மார்ச் மாதப் புதன்கிழமை. நண்பகலோடு அவ்வார இதழுக்குப் படிவம் தரும் கெடு முடிகிறது. பதினொன்றரைக்கு, அம்மாளின் தீனிக்கம்பத்தில் பறவை வந்தமர்ந்தது. அவர் படிவத்தோடு வேலிக்கு ஓடினார்.

"வெண்டல்! வந்துருச்சு!"

"எது? டிசம்பர்ல நீங்க வாங்கிட்டுப் போன என் பனி மண்வெட்டியா?"

"நக்கல் அப்புறம். கம்பத்தைப் பாருங்க, கையெழுத்தைப் போடுங்க."

வெண்டல் காப்பியை முடித்தார். கண்ணாடியைத் தேடினார், துடைத்தார், மாட்டினார். அதற்குள் பறவை வேலியைத் தாண்டி அவர் தீனித்தட்டில் அமர்ந்து தொண்டையைத் திறந்தது.

"இப்பத் தெரியுது, ஆர்டிஸ். ஆனா அது உக்காந்திருக்கறது என் தட்டுல. என் படிவத்துல நீங்கதான் சாட்சி."

"உங்க தட்டுலயா? எனக்குக் காக்காதான் தெரியுது."

"அப்படியா? அப்போ உங்க கம்பத்துல இருந்ததும் காக்காதான்."

பனிச்சேற்றில் இருவரும் கால்மணி நேரம் நின்றார்கள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது இரண்டு படிவங்களும் வெறுமையாகவே இருந்தன.

வெள்ளிக்கிழமை இதழின் மூன்றாம் பக்கம் தெளிவாகச் சொன்னது: 'நம்மூருக்குக் கரும்பறவை இன்னும் திரும்பவில்லை.'

அம்மாள் அதை இருமுறை படித்தார். வெளியே ஒரே கூச்சல். நாற்பது பறவைகள் இரு வீட்டுத் தட்டுகளையும் சுரண்டிக்கொண்டிருந்தன. வேலிக்கு அப்பால் வெண்டல் துடைப்பத்தைச் சுழற்றினார்.

"எதை வெரட்டறீங்க, வெண்டல்?"

"காக்காவைத்தான்" என்றார் அவர்.

அம்மாள் உள்ளே போய்த் தம் துடைப்பத்தை எடுத்துவந்தார்.