இன்பமணியின் மழை

மழைத்துளி இறக்கையைத் தொடும் நொடியில் படத்தை நிறுத்திவிட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகிறார் இன்பமணி. துளி அப்பளம் போலத் தட்டையாகி, ஓரங்களில் பீய்ச்சியடிக்கிறது. பின்னுக்கு ஓட்டி மறுபடியும் நிறுத்துகிறார். தூத்துக்குடிக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. காற்றாலை இறக்கைகளை மழை எப்படி அரிக்கிறது என்று கணினியில் கணக்கிடுவது அவர் ஆராய்ச்சி.

“தண்ணிதானேன்னு நெனைக்காவ. துளி பாட்டுக்குச் சும்மாதான் எறங்குது. எறக்கை நுனி ரயில விட வேகமா வந்துல்லா அதுமேல மோதுது. அந்த வேகத்துல தண்ணியும் சுத்தியலும் ஒண்ணுதான்.”

மழை பெய்தால் அவரும் ஜன்னலுக்கு வருவார். வானத்தைப் பார்க்க மாட்டார். கீழே நிற்கும் கார்களின் கண்ணாடியில் துளி மோதுவதைப் பார்ப்பார். யாராவது அழகு என்றால் முகம் சுளிப்பார். போனைக் காதில் வைக்கிற பழக்கமில்லை. மேசையில் கிடத்தி ஸ்பீக்கரில்தான் பேசுவார், நாசரேத் ஊரிலிருக்கும் தன் வீட்டுச் சண்டை உட்பட.

இறக்கை விளிம்பில் அடிக்கும் பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று ஒரு காற்றாலை நிறுவனம் அவரிடம் கேட்டது. கணக்கு ஏழு என்றது. அதை நம்பி, கயிற்றில் தொங்கிப் பூச்சைப் பார்த்து ஒட்டுப்போடும் ஆட்களை நிறுவனம் நிறுத்திவிட்டது. அவர்களில் ஒருவர் இவருடைய அண்ணன் ஜெயசிங். இப்போது துறைமுகச் சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறார். “எங்கண்ணன் சோத்துல நான்தான் கைய வச்சேன்” என்று இன்பமணி சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

போன வாரம் நிறுவனத்தின் இன்ஜினியர் வீரபாகு உள்ளங்கையளவு பூச்சுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்றாம் வருடமே உரிந்தது. அம்மைத் தழும்பு போலக் குழிகள். கணக்கில் மழை சரியாகத்தான் இருந்தது. மண் இல்லை. ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மண் எழும்பிப் பூச்சைக் கீறிவிட்டுப் போகிறது. ஐப்பசியில் வருகிற மழை அந்தக் கீறலைப் பிடித்துக்கொள்கிறது. இன்பமணியின் கணக்கிலோ, பூச்சு கடைசிவரை புதுசாகவே வழுவழுத்துக் கிடந்தது.

“ஆடி மாசம் எங்க வீட்டுச் சோத்துல மண்ணு நறநறன்னு கடிக்கும். அதத் தின்னுக்கிட்டேதான் மழைய மட்டும் கணக்குப் போட்டிருக்கேன்.”

நிறுவனம் கயிற்று ஆட்களை மறுபடி கூப்பிடுகிறது. கூடவே இன்பமணிக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறது: மண்ணையும் தாங்கும் பூச்சு எது என்று கண்டுபிடித்துத் தர வேண்டும். அதைப் பூசிவிட்டால் அப்புறம் யாரும் மேலே ஏற வேண்டியதில்லை.

இன்று மத்தியானம் ஜெயசிங் தங்கையைப் போனில் கூப்பிட்டார். அறை முழுக்கக் கேட்டது.

“ஏளா, தார்ப்பாய்க்காரன் இப்பப் போனா திரும்பச் சேக்க மாட்டேங்கான். காத்தாடி வேல இந்தத் தடவ எத்தன வருசம் இருக்கும்? நீதான கணக்குப் போடுத, சொல்லு.”

இன்பமணி பூச்சுத் துண்டைக் கையில் எடுத்தார்.

“லைன்ல இருக்கியாளா?”

அவருடைய கட்டைவிரல் நகம் ஒரு குழிக்குள் இறங்கி, அதன் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தது.