பழைய தெருவிளக்கின் வயர்கள்

அந்தத் தெருவிளக்கை சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கினேன். அதன் இரும்புக் கூட்டுக்குள் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சோக்கில் தயாரிப்பு ஆண்டு பொறித்திருந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தது. சமூக மன்றக் கண்காட்சியில் அதை எரியவைக்க, லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரிஷியன் ரஃபீக்கிடம் கொடுத்தேன். எதையும் மாற்றக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன்.

சனிக்கிழமை போனபோது உள்ளே எல்லா வயரும் புத்தம் புதிது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யாரக் கேட்டு மாத்துனீங்க பாய்? உங்களுக்கு அது வெறும் வயரு. எனக்கு வரலாறு.”

“கத்தி முடிச்சிட்டீங்களாண்ணே?” ரஃபீக் பழைய வயர் ஒன்றை எடுத்து லேசாக வளைத்தார். ரப்பர் உறை பொடிந்து உதிர, உள்ளே செம்பு தெரிந்தது. “இது கூட்டுல பட்டா, முழுக்க கரண்ட் லா. தொட்டுப் பாக்கப் போறது ஸ்கூல் புள்ளைங்க. உங்க சோக்க நான் தொடவே இல்ல.”

அந்தச் சோக்கின் வயதை நோட்டில் எழுதி, பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னவன் நான். அதே வயது வயருக்கும் ஆகியிருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

கண்காட்சியில் ஒரு சிறுமி எரியும் விளக்கின் கூட்டில் உள்ளங்கையை வைத்து, “சூடா இருக்கு” என்று சிரித்தாள். யார்மேலும் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை, அன்று என்மேல் வந்ததுபோல.