பட்டினி வரிசை

தெருவில் அவளுக்குக் கிருமிக்காரி என்றே பெயர். ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்த்து, மரக்கன்றுகளுக்கு ஊற்றி, மூடிக்கிடக்கும் பெயின்ட் ஆலையின் நச்சு மண்ணில் அவற்றைப் பிழைக்க வைப்பது அவள் வேலை. வேருக்குள் குடியேறும் பாக்டீரியா விஷத்தைத் தின்னும். மரமும் தேறும், மண்ணும் தேறும். ஆலைச் சுவரை ஒட்டித்தான் அவள் வீடு. கிணற்றுத் தண்ணீரில் பெயின்ட் வாடை. வாளி இறக்கி வருஷக் கணக்காகிறது.

ஒரு மூலையில் மட்டும் சோதனை. ஒரு வரிசைக்குப் பாக்டீரியா, அடுத்ததற்கு வெறும் தண்ணீர். வித்தியாசம் தெரிந்தால்தான் மீதி நிலத்துக்கும் பாக்டீரியா ஊற்ற அரசு அனுமதி கிடைக்கும். காவலுக்குத் தன் சித்தப்பாவையே சிபாரிசு செய்தாள். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

இரண்டாவது வரிசை வாடும், வாடும் என்று பார்த்தாள். அதுவா வாடும்? தளதளவென்று நின்றது. கேட் பக்கத்தில் ஒன்று மட்டும் கருகியிருந்தது. லாரிப் புகை பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அனுமதி தரவேண்டிய அதிகாரி வந்து பார்த்தார். "சும்மா நட்டதும் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கும்மா பாக்டீரியா?"

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் சித்தப்பா குனிந்து, பாக்டீரியா கேனின் மிச்சத்தை வேரில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! என்ன பண்றீங்க?"

"மிச்சத்தை எப்பவும் இதுங்களுக்குத்தாம்மா ஊத்துவேன். பாவம், ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?"

"ஐயோ! பட்டினி போடறதுதான் சோதனையே! உங்க இரக்கத்துல இடி விழ!" தலையில் அடித்துக்கொண்டாள். சித்தப்பாவிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

அவர் முகம் தொங்கிப்போனது. "எல்லாத்துக்கும் ஊத்தலையே. கேட்டாண்ட இருக்கே, அதுக்கு ஒரு சொட்டு கொடுக்கல. நாற்காலியில உக்காந்தா அதோட கிளை கண்ணைக் குத்துது, சனியன்."

அதிகாரி கேட் வரை நடந்துபோய் அந்தக் கருகிய கன்றைப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரே மரத்தை வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. இன்னொரு வருஷம் நடத்துங்க. அதுவரைக்கும் அந்தக் கன்னு சாட்சியா நிக்கட்டும்."

இன்னொரு வருஷம்! கிணறு இன்னொரு வருஷம் மூடியே கிடக்க வேண்டும். சித்தப்பாவைத் திட்டுவதா, அந்த ஒன்றையாவது விட்டுவைத்ததற்குக் கும்பிடுவதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அதிகாரியை வண்டியேற்றிவிட்டுத் திரும்பினால், சித்தப்பா கேனோடு அந்தக் கருகிய கன்றிடம் நிற்கிறார்.

"நீ திட்டினதும் மனசு கேக்கலம்மா. இதுவும் உசிருதானே?"

ஓடிப்போய்க் கேனைப் பிடுங்கினாள். "நம்ம கிணத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி இது. தயவுசெஞ்சு இதைச் சாக விடுங்க சித்தப்பா!"